தியேட்டரில் எந்த சீட்டைப் பிடிப்பது? புதிதாக டிக்கெட் எடுப்பவர்களுக்கு

ஒருமுறை அவசரத்தில் ஃபோனிலேயே டிக்கெட் எடுத்தேன். ஏ வரிசையில் நட்டநடுவே இரண்டு சீட் காலி. அதற்கு முந்தைய வாரம் போயிருந்த தியேட்டரில் ஏ என்றால் கடைசி வரிசை. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பணத்தைக் கட்டிவிட்டேன். உள்ளே போனால் திரையின் காலடியில் இடம். கூட வந்த அக்கா படம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து கழுத்தைத் தடவிக்கொண்டே, "இரண்டரை மணி நேரமா ஹீரோவோட மூக்குத் துவாரத்தைத்தான்டா பார்த்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து டிக்கெட் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழிக்கிறேன். சீட் எடுக்கும்போது நமக்குக் காட்டப்படும் வரைபடத்தில் எல்லா இடமும் ஒரே அளவுச் சதுரம்தான். திரை எவ்வளவு பெரிது, முதல் வரிசை அதற்கு எவ்வளவு பக்கம், தரை எவ்வளவு சரிவு, கதவு எங்கே, தூண் எங்கே என்று எதுவும் அதில் தெரியாது. விட்டுப்போன அந்த விஷயங்களை எப்படி ஊகித்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பெரும்பகுதி சினிமா தியேட்டரைப் பற்றியது. மேடை நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் திரை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், நான் தவறவிட்டது இதைத்தான். வரைபடத்தின் மேலேயோ கீழேயோ ஒரு கோடோ வளைவோ போட்டு 'திரை' என்று எழுதியிருப்பார்கள். சில இடங்களில் அது மேலே இருக்கும், சில இடங்களில் கீழே. ஃபோனில் பார்க்கும்போது அந்தப் பகுதி ஃபோன் திரைக்கு வெளியே போய்விடுவதும் உண்டு, விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும். வரிசை எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஏ முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம்.

எழுத்துகளில் இன்னொரு சின்ன விஷயம். பல அரங்குகளில் ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகளையும் விட்டுவிடுவார்கள். 1, 0 என்ற எண்களோடு குழம்பிவிடும் என்பதால். ஆகவே ஹெச் வரிசைக்கு அடுத்தது ஜே என்று இருந்தால் நடுவே ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்தை வைத்துக் கணக்குப் போடாமல் வரிசைகளை விரல்விட்டு எண்ணுங்கள்.

எத்தனையாவது வரிசை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மொத்த வரிசைகளை எண்ணி, திரைப்பக்கமிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால் வாருங்கள். 15 வரிசை இருந்தால் பத்தாவது, அதற்கு முன்னும் பின்னும் ஒன்று. முன்பின் தெரியாத தியேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றால் இதுதான் இடம். பெரும்பாலும் ஏமாற்றாது.

ஏன் அங்கே என்று தெரிந்துகொண்டால், அந்த இடம் கிடைக்காதபோது அடுத்தது எது என்று நீங்களே சொல்லிவிடலாம். திரை நம் கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கோணமாக அளப்பார்கள். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, நம் கண்ணிலிருந்து பார்த்தால் எத்தனை டிகிரி என்பதே கணக்கு. சினிமா தொழில்நுட்பத்துக்குத் தரம் வகுக்கும் எஸ்எம்பிடிஇ என்ற பொறியாளர் அமைப்பு, கடைசி வரிசைக்கும் குறைந்தது 30 டிகிரி இருக்கட்டும் என்றது. டிஹெச்எக்ஸ் என்ற தரச்சான்று முறை 36 டிகிரி இருந்தால் நல்லது என்றது. 30க்குக் கீழே போனால் வீட்டு டிவியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்பது போல ஆகிவிடும். 50, 60ஐத் தாண்டினால் ஓரத்தில் நடப்பதைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். பலருக்கும் 35 முதல் 45 டிகிரிக்குள் சௌகரியமாக இருக்கும்.

மீட்டரில் சொன்னால் இன்னும் புரியும். 12 மீட்டர் அகலத் திரை என்று வையுங்கள். 40 டிகிரி கிடைக்க ஏறக்குறைய 16.5 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 30 டிகிரி என்றால் 22 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இடைவெளி இருக்கும். அதனால் நடுப்பகுதியில் ஒரு வரிசை முன்னே பின்னே போவதால் பெரிய வித்தியாசம் வராது. "ஜே வரிசை போச்சே, கே தானே கிடைத்தது" என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

முன்வரிசைகளில் கதை வேறு. அங்கே தொந்தரவு அகலத்தால் வருவதைவிட உயரத்தால் வருவது அதிகம். கண்மட்டத்திலிருந்து திரையின் மேல்விளிம்பைப் பார்க்க 35 டிகிரிக்கு மேல் அண்ணாந்தால் கழுத்து தாங்காது. இதுவும் அரங்கு கட்டுபவர்கள் வைத்திருக்கும் வரம்புதான். திரையின் உச்சி உங்கள் கண்ணைவிட 6 மீட்டர் மேலே இருந்தால், எட்டரை மீட்டருக்குள் இருக்கும் எந்த சீட்டும் கழுத்துவலி சீட். முதல் இரண்டு மூன்று வரிசைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் சிக்கிக்கொள்ளும். விலை குறைவாக இருந்தாலும் நான் அவற்றை எடுப்பதில்லை. குறும்படம் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சாண் கணக்கு

மேலே சொன்ன டிகிரிகளை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்ததும் கையை நேராக முன்னே நீட்டி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நன்றாக விரித்து ஒரு சாண் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், அந்தச் சாண் ஏறக்குறைய 20 டிகிரிக்குச் சற்று மேல். கையை மடக்கி முட்டியாகப் பிடித்தால் 10 டிகிரி. திரை அகலம் ஒன்றரைச் சாணிலிருந்து இரண்டு சாணுக்குள் அடங்கினால் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். ஒரே சாணில் முழுத் திரையும் மறைந்துவிட்டால் மிகவும் பின்னால் வந்துவிட்டீர்கள். மூன்று சாண் என்றால் முன்னால்.

உயரத்துக்கும் இதே வித்தைதான். கண்மட்டத்திலிருந்து மேல்விளிம்புவரை ஒன்றின்மேல் ஒன்றாக முட்டிகளை அடுக்கிப் பாருங்கள். மூன்றரை முட்டிக்கு மேல் போனால் கழுத்துக்கு வேலை.

ஆட்களின் கை நீளம் மாறும்போது உள்ளங்கை அளவும் கூடவே மாறுவதால், குழந்தைக்கும் பெரியவருக்கும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். விளம்பரம் ஓடும்போதே முடித்துவிடுங்கள். இதைச் செய்வது அன்றைய படத்துக்காக அல்ல, அன்றைக்குத்தான் சீட் முடிவாகிவிட்டதே. அடுத்தமுறை அதே தியேட்டருக்கு வரும்போது எத்தனை வரிசை முன்னே போவது, பின்னே வருவது என்று தெரிந்திருக்கும்.

படத்தைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். சினிமாவில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு. ஒன்று உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமான 'ஸ்கோப்', இன்னொன்று 1.85 மடங்கு அகலமான 'ஃப்ளாட்'. சில தியேட்டரில் ஸ்கோப் படத்துக்குத் திரை பக்கவாட்டில் விரியும். சிலவற்றில் அகலம் அப்படியே இருந்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். முதல் வகையில் ஸ்கோப் படத்துக்கு ஒரு வரிசை பின்னே போகலாம், இரண்டாம் வகையில் முன்னே வரலாம்.

நடுவே என்றால் எவ்வளவு நடுவே?

நட்டநடு சீட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். இரண்டு மூன்று சீட் தள்ளிப்போனால் கண்ணுக்குத் தெரியாது. மனதில் ஒரு கோடு போடுங்கள்: திரையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் பின்சுவர்வரை நேர்க்கோடு. அந்த இரண்டு கோட்டுக்கும் உள்ளே இருக்கும் சீட் எல்லாம் நல்லவை. வெளியே போகப்போகத் திரையின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் குறுகியும், வட்டம் முட்டையாகவும் தெரியும்.

நடு சீட்டுகள் போய்விட்டனவா? பக்கவாட்டில் நகர்வதைவிட ஒன்றிரண்டு வரிசை பின்னே போவது எப்போதும் மேல். ஐந்தாம் வரிசை ஓரத்தைவிடப் பன்னிரண்டாம் வரிசை நடு எவ்வளவோ நல்லது.

3டி படம் என்றால் இந்த விதியைக் கொஞ்சம் கறாராகவே வைத்துக்கொள்ளுங்கள். பல 3டி அரங்குகளில் வெள்ளி பூசிய திரையைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒளியை நடுவில் இருப்பவர்கள் பக்கமே அதிகம் திருப்பி அனுப்பும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகத் தெரியும். ஏற்கெனவே 3டி படத்தின் வெளிச்சம் குறைவு. சாதாரணப் படத்துக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 48 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதிலும் ஓரத்தில் உட்கார்ந்தால் இரவுக் காட்சியெல்லாம் கறுப்புத் துணிதான்.

காதுக்கு எது நல்ல இடம்?

மூன்றில் இரண்டு பங்கு என்று சொன்னேனே, அதற்குப் படத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒலி அமைப்பைச் சரிசெய்ய வரும் டெக்னீஷியன் மைக்கை வைத்து அளப்பது பெரும்பாலும் திரையிலிருந்து பின்சுவருக்குப் போகும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தைச் சுற்றித்தான். மொத்த அரங்கும் அந்த இடத்தை மனதில் வைத்தே இசைவாக்கப்படுகிறது. அங்கே உட்கார்ந்தால் டெக்னீஷியன் காதில் கேட்டது நம் காதிலும் விழும்.

வசனம் வருவது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. கிட்டே போய்ப் பார்த்தால் திரை முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும், ஒலி அதன் வழியாகத்தான் வருகிறது. மழை, கூட்டம், பின்னாலிருந்து ஓடிவரும் காலடி இதெல்லாம் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் இருக்கும் ஸ்பீக்கர்களின் வேலை. சுவரை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே ஒரு ஸ்பீக்கர். ஹீரோயின் மெதுவாகப் பேசும்போது உங்கள் காதில் மழைதான் கொட்டும். கடைசி வரிசையிலும் இதே சிக்கல், பின்சுவர் ஸ்பீக்கர் பிடரியில் பேசும். 2012இல் வந்த டால்பி அட்மாஸ் என்ற ஒலி அமைப்பு உள்ள அரங்குகளில் கூரையிலும் ஸ்பீக்கர் வரிசை உண்டு. அதன் பலன் முழுதாகக் கிடைப்பதும் நடுப்பகுதியில்தான். காசு கூடக் கொடுத்து அட்மாஸ் அரங்கில் ஓரச் சீட் எடுப்பது எனக்குப் பிடிபடாத விஷயம்.

பால்கனி இருக்கும் அரங்கில், பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போய்விடும் கீழ் வரிசைகளைத் தவிருங்கள். தலைக்கு மேல் தாழ்ந்த கூரை வந்து, ஒலி ஒரு குகைக்குள் நுழைந்த மாதிரி அமுங்கிக் கேட்கும்.

வேடிக்கைக்கு ஒரு கணக்கு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அப்படியென்றால் திரையிலிருந்து 14 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு வசனம் ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. மிகப் பெரிய அரங்கின் கடைசி வரிசையில் உதட்டசைவு லேசாகப் பொருந்தவில்லை என்று தோன்றினால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

முன்னால் இருக்கும் தலை

நம் கண்ணிலிருந்து உச்சந்தலைவரை 12 சென்டிமீட்டர் போல இருக்கும். முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாகப் பார்வை போக, ஒவ்வொரு வரிசையிலும் நம் பார்வைக்கோடு அவ்வளவு உயர்ந்து போக வேண்டும். படிப்படியாக ஏறும் அரங்குகளில் இது தானாகக் கிடைத்துவிடுகிறது. லேசான சரிவு மட்டும் உள்ள பழைய அரங்குகளில் கிடைக்காது. அங்கே சீட்டுகளை ஒரு வரிசைக்கு ஒரு வரிசை அரை சீட் நகர்த்திப் போட்டிருக்கிறார்களா என்று வரைபடத்தில் பாருங்கள். நகர்த்தியிருந்தால் இரண்டு தலைக்கு நடுவே பார்க்கலாம். ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் சிக்கல்தான். சப்டைட்டில் படிக்க வேண்டிய படம் என்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் தலை மறைப்பது எப்போதும் கீழ்விளிம்பைத்தான்.

தலையிலிருந்து தப்பிக்க எளிய வழி, குறுக்கே ஓடும் நடைவழிக்கு நேர் பின்னால் உள்ள வரிசை. முன்னால் ஆளே இல்லை, காலையும் நீட்டிக்கொள்ளலாம். அதனால்தான் அந்த வரிசை முதலில் தீர்ந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. ஒருநாள் கவுன்ட்டரில் நின்று அந்த வரிசையைக் கேட்டேன். உள்ளே இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வேணாம் தம்பி, கம்பி குறுக்கே வரும். லேட்டா வர்றவங்க எல்லாம் உங்க முன்னாடிதான் டார்ச் அடிச்சிட்டுப் போவாங்க. ரெண்டு வரிசை மேலே தரேன்" என்றார். படம் ஆரம்பித்துக் கால்மணி நேரம்வரை கீழே வரிசையாக வெளிச்சப் பூச்சிகள் போய்க்கொண்டே இருந்தன. மேலே உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்தேன்.

கவுன்ட்டரில் ஆள் இருக்கும் தியேட்டர் என்றால், நேரில் போய்க் கேட்பதைப் போல வேறு வழி கிடையாது. 'நல்ல சீட் கொடுங்க' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் கொடுப்பார்கள். 'எந்த வரிசையில் கம்பி மறைக்கும்? கதவு வெளிச்சம் எங்கே விழும்? ஏசி எங்கே நேரே அடிக்கும்?' என்று கேளுங்கள். தினமும் அதே கேள்விக்குப் புகார் கேட்பவர்கள் அவர்கள், சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ஓரச் சீட்டை எடுக்கலாமா?

அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்களுக்குத் தாராளமாக. சின்னக் குழந்தை, நீரிழிவு உள்ளவர், கால் மடக்கினால் வலிப்பவர், கூட்டத்துக்கு நடுவே மூச்சுமுட்டுபவர் என்று யாராவது கூட இருந்தால் நடுச் சீட் ஆசையை விட்டுவிடுங்கள். நடு நடைவழியை ஒட்டிய சீட் கிடைத்தால் இரண்டும் கிடைத்த மாதிரி, எழுந்து போகவும் முடியும், திரையும் நேராகத் தெரியும். 'வெளியே' என்று பச்சையிலோ சிவப்பிலோ எரியும் விளக்குக்குக் கீழே மட்டும் வேண்டாம். இருட்டுக் காட்சியில் அந்த வெளிச்சம் கண் ஓரத்தில் குத்திக்கொண்டே இருக்கும்.

படிக்கட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. படியேறும் அரங்குகளில் பெரும்பாலும் கதவு கீழேயோ நடுவிலோ இருக்கும், கடைசி வரிசைக்கு இருட்டில் முப்பது நாற்பது படி ஏற வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ளவரைக் கூட்டிப்போனால் கதவுக்கு எந்த வரிசை சமமட்டம் என்று கேட்டுக்கொண்டு எடுங்கள். சக்கர நாற்காலிக்கான இடத்தை முன்பதிவுத் திரையில் தனிக் குறியோடு காட்டுவார்கள். அதற்குப் பக்கத்துத் துணைச் சீட்டும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், தனித்தனியாக எடுத்தால் பிரிந்துவிடும். காதுக்கருவி போட்டிருப்பவர்கள் அந்த அரங்கில் அதற்கான ஒலியிணைப்பு உண்டா, எந்தப் பகுதியில் வேலை செய்யும் என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

கண்ணாடி விஷயம் எனக்கு அப்பாவால் தெரிந்தது. சாய்வு சீட் உள்ள அரங்குக்கு, கடைசிக்கு முந்தைய வரிசை, நடு இடம், எல்லாம் சரியாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டிப் படுத்தவர் பத்து நிமிடத்தில், "படம் தெளிவா இல்லையேடா, மெஷின்ல கோளாறா?" என்றார். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. அவர் போட்டிருந்தது கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் ஒரே கண்ணாடியில் படிப்படியாக மாறும் புரோகிரஸிவ் லென்ஸ். அதில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்பகுதி படிக்க. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு திரையைத் தாழப் பார்க்கும்போது, படிக்கிற பகுதி வழியாகச் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை நிமிர்த்தியதும் மெஷின் சரியாகிவிட்டது! அப்படிக் கண்ணாடி போடுபவர்களுக்கு மிக உயரமான பின்வரிசை வேண்டாம். திரையின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு வரும் வரிசை பாருங்கள்.

கேமரா ஆடிக்கொண்டே இருக்கும் படங்களைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள், வழக்கத்தைவிட நாலைந்து வரிசை பின்னே போங்கள். திரையைச் சுற்றிச் சுவரும் தரையும் அசையாமல் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும்.

ஐமாக்ஸ்

இங்கே மட்டும் என் விதிகள் கொஞ்சம் தடுமாறும். பழைய ஃபிலிம் ஐமாக்ஸ் திரை 1.43க்கு 1 என்ற உயரமான வடிவம், டிஜிட்டல் ஐமாக்ஸ் பெரும்பாலும் 1.90க்கு 1. திரை பெரிது, வரிசைகளும் அதற்கு நெருக்கமாகச் செங்குத்தாக ஏறும். கண் முழுக்கப் படம் நிறைய வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டுகிறார்கள். ஆகவே நடுவரிசை என்று நினைத்து எடுப்பது சாதாரண அரங்கின் முன்வரிசை போல இருக்கும். முதல்தடவை போகிறவர்கள் பின்பக்கத்து மூன்றிலொரு பகுதியில், நடுவே எடுங்கள். அது பழகிய பிறகு முன்னே வரலாம். சீட் ஆடும், தண்ணீர் தெளிக்கும் வகை அரங்குகளில் சீட் தேர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் எடுங்கள், பையைக் காலடியில் வைக்காதீர்கள்.

மேடை நாடகம் என்றால்

சினிமாவில் திரை நமக்காக முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மேடையில் அந்த உதவி இல்லை. நடிப்பவரின் முகபாவம் 20 மீட்டர் தூரம்வரைதான் ஒழுங்காகத் தெரியும், அதற்குமேல் உடலசைவுதான். பேச்சும் நடிப்பும் முக்கியமான நாடகம் என்றால் கீழ்த்தளத்தில் ஐந்தாம் வரிசையிலிருந்து பத்தாம் வரிசைக்குள் பாருங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேடைத் தரை கண்மட்டத்துக்கு வந்துவிடும், நடிகர்களின் பாதம் தெரியாது. நாட்டியத்துக்கு அது பெரிய இழப்பு. நாட்டியமோ, பலர் சேர்ந்து ஆடும் இசை நாடகமோ என்றால் முதல் மாடியின் முன்வரிசையை நான் விரும்புவேன். ஆட்டக்காரர்கள் கோடாகவும் வட்டமாகவும் பிரிந்து சேர்வது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். மாடியின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி குறுக்கே வருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், குள்ளமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது சரியாகக் கண்ணுக்கு நேரே நிற்கும்.

பழைய ஐரோப்பிய அரங்குகளின் பக்கவாட்டு 'பாக்ஸ்' இருக்கைகள் பார்க்க ராஜமரியாதையாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். குதிரை லாட வடிவில் கட்டிய அந்த அரங்குகளில் பக்கப் பெட்டிகள் மேடையைவிட எதிர்ப் பெட்டியைத்தான் நேராகப் பார்க்கும். வந்திருந்த பெருந்தனக்காரர்களுக்குத் தாங்கள் மற்றவர் கண்ணில் படுவதும் ஒரு வேலையாக இருந்தது. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் திறந்த ஓபரா அரங்கில் அந்தப் பக்கப் பெட்டிகளை எடுத்துவிட்டு, எல்லா வரிசையும் மேடையைப் பார்க்கும்படி விசிறி வடிவில் போட்டார்கள். இன்றைய பல அரங்குகள் அந்த வழியில் வந்தவை.

சீட் எண்ணிலும் ஒரு கண் வையுங்கள். சில நாடக அரங்குகளில் ஒரு பக்கம் முழுக்க ஒற்றைப்படை, மறுபக்கம் முழுக்க இரட்டைப்படை. அங்கே 5ம் 6ம் பக்கத்துப் பக்கத்து சீட் அல்ல, 5க்குப் பக்கத்தில் 7. புதிதாகப் போகிற தம்பதிகள் இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு மூலையில் மாட்டிக்கொள்வார்கள். டிக்கெட்டில் 'பார்வை மறைப்பு' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் தூணோ கம்பியோ உண்டு என்று அர்த்தம். எவ்வளவு மறைக்கும் என்று விசாரித்தபிறகு எடுங்கள். சில சமயம் மேடையின் ஒரு மூலை மட்டும்தான் போகும், விலையோ பாதியாக இருக்கும்.

எப்போது எடுப்பது?

முன்பதிவு திறந்ததும் எடுப்பதே நல்லது என்பது தெரிந்ததுதான். தெரியாதது இன்னொன்று. பல அரங்குகள் கொஞ்சம் சீட்டைத் தங்களுக்கென்று நிறுத்திவைத்து, தேவைப்படாவிட்டால் காட்சிக்குச் சற்று முன்னால் விற்பனைக்கு விடும். பணம் கட்டாமல் பாதியில் விட்டவர்களின் சீட்டும் சில நிமிடத்தில் திரும்ப வரும். நடுவில் எல்லாம் போய்விட்டது என்று காட்டினால் உடனே ஓரத்தை எடுக்காமல் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஒற்றைச் சீட் தனியாக மிஞ்சும்படி எடுத்தால் சில முன்பதிவுத் தளங்கள் ஒத்துக்கொள்ளாது. ஒரு சீட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினால் விட்டுவிடும். தனியாகப் போகிறவர்களுக்கு யோகம்தான், இரண்டு குடும்பங்களுக்கு நடுவே மிஞ்சிய நல்ல ஒற்றைச் சீட் கடைசிநேரத்திலும் கிடைக்கும்.

மிஞ்சியதெல்லாம் முதல் வரிசையும் மூலையும்தான் என்றால் நான் அடுத்த காட்சிக்குப் போய்விடுவேன். போயே ஆக வேண்டும் என்றால் மூலையில் பின்பக்கத்து மூலை. சீட்டில் லேசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டால் சமாளித்துவிடலாம். அண்ணாந்து பார்ப்பதைச் சமாளிக்க வழி இல்லை.

குறித்து வையுங்கள்

வீட்டுக்குப் போகும் வழியில் ஃபோனில் ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்தத் தியேட்டர், எத்தனையாவது ஸ்க்ரீன், எந்த சீட், எத்தனை சாண். ஒரே வளாகத்திலேயே ஒவ்வொரு ஸ்க்ரீனும் வேறு அளவு என்பதால் ஸ்க்ரீன் எண் இல்லாத குறிப்பு எதற்கும் ஆகாது. என் ஃபோனில் இருப்பதிலிருந்து சில:

ஸ்க்ரீன் 2: ஜி, ஹெச் நன்று. ஒன்றே முக்கால் சாண். எஃப் முன்னால் கம்பி.

ஸ்க்ரீன் 4: சின்னத் திரை. ஈ வரிசைக்குப் பின்னால் வேண்டாம். 1 முதல் 4 வரை ஏசி மண்டையில் அடிக்கிறது.

ஸ்க்ரீன் 5: சாய்வு சீட். அப்பா வந்தால் டி, சாய்க்க விடாதே.

ஸ்க்ரீன் 1: ஏ முன்னால்! அக்கா வந்தால் கே.